ஆர்வியின் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது?

போன மாதம் டாலஸிலிருந்து தம்பி கூப்பிட்டான். கோடை விடுமுறைக்கு ஆர்வி, அதாவது வீட்டு வசதிகள் உள்ள பயண வண்டி, வாடகைக்கு எடுக்கிறார்களாம். அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார் என்று மொத்தம் ஆறு பேர். "அக்கா, பெட்ரோல் எங்க போடுறது, ராத்திரி எங்க தங்குறது எல்லாம் பார்த்து வெச்சிட்டேன். அந்த டாய்லெட் தொட்டி நிறைஞ்சா எங்க கொண்டு போறதுன்னுதான் புரியல" என்றான்.

நாங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். சில கோடைகளாக ஆர்வி எடுத்துப் போய்ப் பழகியதில் தெரிந்துகொண்டதை அவனிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். அமெரிக்காவில் முதல் தடவையாகக் குடும்பத்தோடு ஆர்வியில் கிளம்பும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் அதையே இங்கே எழுதுகிறேன்.

அவனிடம் முதலில் சொன்னது இதுதான்: எங்கே என்று தேடுவதற்கு முன்னால் எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கணக்குப் போடு. அந்தக் கணக்கு கையில் இருந்தால் இடம் தானாகவே வழியில் வந்து சேரும். கணக்கில்லாமல் கிளம்பினால், தொட்டி நிறைந்து விளக்கு எரியும்போது நெவாடா பாலைவனத்தின் நடுவில் நின்றுகொண்டு போனைத் தடவிக்கொண்டிருப்போம்.

மூன்று தொட்டிகள்

ஆர்வி என்பது வண்டிக்குள் ஒரு சின்ன வீடு. அடுப்பு, ஃபிரிட்ஜ், படுக்கை, குளியலறை, கழிவறை எல்லாம் உண்டு. வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, பயன்படுத்தியது சாக்கடைக்குப் போய்விடுகிறது. வண்டியில் இரண்டையும் நாமே சுமந்துகொண்டு போகிறோம். அதற்காக வண்டியின் வயிற்றில் மூன்று தொட்டிகள் இருக்கும்.

ஒன்று நல்ல தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது கிரே டேங்க். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் இதில் சேரும். மூன்றாவது பிளாக் டேங்க். கழிவறையிலிருந்து போவதெல்லாம் இதற்குள். கிரே, பிளாக் இரண்டுக்கும் தனித்தனி வால்வு உண்டு. வண்டியின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஓட்டுநர் பக்கம், இரண்டு குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாயாக வெளியே வரும். அந்த வாயில் மூன்று அங்குல அகலமுள்ள ஒரு மடிப்புக் குழாயை மாட்டி, தரையிலுள்ள சாக்கடைத் துளைக்குள் விட்டு, வால்வைத் திறந்தால் தொட்டி காலியாகும். அப்படிப்பட்ட துளை அமைத்து வைத்திருக்கும் இடத்துக்குத்தான் டம்ப் ஸ்டேஷன் என்று பெயர். துளையைச் சுற்றிச் சரிவாக சிமென்ட் தளம் போட்டிருப்பார்கள், சிந்தினால் கழுவித் துளைக்குள்ளேயே தள்ளிவிடலாம். பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் இருக்கும்.

நம் வீட்டுக் கணக்கு

வாடகைக்குக் கிடைக்கும் குடும்ப ஆர்விகளில் பிளாக் டேங்க், கிரே டேங்க் ஒவ்வொன்றும் பெரும்பாலும் 30, 40 கேலன் அளவில் இருக்கும். ஒரு கேலன் என்பது 3.8 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 30 கேலன் என்றால் 113 லிட்டர். கேட்கும்போது நிறையத்தான் தெரியும்.

இங்கேயுள்ள கையேடுகள், இரண்டு பேர் போனால் பிளாக் டேங்க் ஒரு வாரம் தாங்கும் என்கிற மாதிரி சொல்லும். அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. காகிதம் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கான கணக்கு அது. நாம் தண்ணீர் பயன்படுத்துகிறோம். ஆர்வி கழிவறையில் ஒரு தடவை அழுத்தினால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய இறங்கும். கூடவே சொம்பில் ஒரு லிட்டர் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர், ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு பேர்: 60 லிட்டர். தம்பியின் 113 லிட்டர் தொட்டி இரண்டு நாள்கூடத் தாங்காது.

தண்ணீர் பயன்படுத்துவது தொட்டிக்கு நல்லதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். பிளாக் டேங்கில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தண்ணீர் போதாமல் வருபவை. காகிதமும் கழிவும் காய்ந்து அடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு திறந்தாலும் இறங்காது. நம் பழக்கத்தில் அந்தப் பிரச்சினை குறைவு. ஆனால் தொட்டி சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான்.

கிரே டேங்க் இன்னும் வேகம். ஆர்வி ஷவரில் மூன்று நிமிடம் நின்றால் 15 லிட்டருக்கு மேல் போய்விடும், ஏறக்குறைய ஒரு வாளி. நம் ஊர்க் குளியலை நினைத்துக்கொண்டால் இது சுலபம்: உடம்பை நனை, தண்ணீரை நிறுத்து, சோப்பு போடு, மறுபடி திறந்து அலசு. வாளிக் குளியலில் வளர்ந்த அம்மாவும் அப்பாவும் இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத்தான் கதவைத் தட்டித் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

பாத்திரம் கழுவும் சிங்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீட்டுச் சமையலை மனத்தில் வைத்து யாரும் அந்த வண்டியைச் செய்யவில்லை. சாம்பார்ச் சட்டியையும் தாளித்த வாணலியையும் அப்படியே சிங்க்கில் கழுவினால் எண்ணெயும் பருப்பும் கிரே டேங்க்கின் சுவரில் படியும். இரண்டு நாள் வெயிலில் நின்றால் கிரே டேங்க்கே பிளாக் டேங்க்கைவிட மோசமாக நாறும். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தைக் காகிதத் துண்டால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள். சிங்க் துளையில் ஒரு சல்லடையை வைத்துவிடுங்கள், ஒரு பருக்கைகூட உள்ளே போகக்கூடாது. அரிசி களைந்த தண்ணீர் கூடக் கணக்கில் வரும். நாங்கள் அரிசியை வீட்டிலேயே களைந்து, நிழலில் உலர்த்தி, டப்பாவில் கொண்டுபோகிறோம்.

நாலு பேர் குளியல், இரண்டு வேளை பாத்திரம் என்றால் கிரே டேங்க் ஒன்றரை நாள். ஆறு பேர் என்றால் ஒரு நாள்தான். கேம்ப்கிரவுண்டில் (வண்டியை நிறுத்தி இரவு தங்கும் இடம்) உள்ள பொதுக் கழிவறையையும் குளியலறையையும் பயன்படுத்தினால் இது இரட்டிப்பாகும். பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் கழிவறை சுத்தமாகவே இருக்கும். பகலில் வழியில் நிற்கும் பெட்ரோல் நிலையத்தில் எல்லோரையும் ஒரு தடவை இறக்கிவிடுங்கள். இப்படிச் செய்தால் தம்பி குடும்பத்துக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை காலி செய்தால் போதும். அவர்கள் பயணத் திட்டம் இனி இந்த இரண்டைச் சுற்றித்தான்.

வண்டிக்குள் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் விளக்குகள் இருக்கும். பிளாக் டேங்க் விளக்கை நான் நம்புவதில்லை. உள்ளே சுவரில் ஒட்டிய காகிதத் துணுக்கு ஒன்று போதும், காலியான தொட்டியையும் அது நிறைந்ததாகக் காட்டும். நாள் கணக்கே நம்பகமானது.

முதல் வழி: தங்குமிடத்திலேயே முடித்துவிடுவது

கேம்ப்கிரவுண்டில் இடம் பதிவு செய்யும்போது ஹூக்கப் என்ற சொல் வரும். ஃபுல் ஹூக்கப் என்றால் உங்கள் வண்டி நிற்கும் இடத்திலேயே தண்ணீர், மின்சாரம், சாக்கடைத் துளை மூன்றும் உண்டு. சில இடங்களில் தண்ணீரும் மின்சாரமும் மட்டும் இருக்கும், சாக்கடை இருக்காது. சில இடங்களில் எதுவுமே இருக்காது. பதிவு செய்யும் முன்னால் இந்த ஒரு வரியைப் படியுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி: எத்தனை நாளுக்கு ஒரு தடவை காலி செய்ய வேண்டுமோ, அத்தனையாவது இரவை ஃபுல் ஹூக்கப் உள்ள இடத்தில் போட்டுவிடுங்கள். தனியார் ஆர்வி பார்க்குகளில் இது சாதாரணம். 1962இல் மாண்டானாவின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கேஓஏ போன்ற நிறுவனங்களின் பார்க்குகள் பெரிய சாலைகளை ஒட்டியே இருக்கின்றன. வாடகை கூடுதல்தான். ஆனால் காலையில் எழுந்து, நின்ற இடத்திலேயே வால்வைத் திறந்து, பத்து நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

தேசியப் பூங்காக்களில் நிலைமை வேறு. அங்கே ஹூக்கப் அபூர்வம். யோசெமிட்டியில் எந்தக் கேம்ப்கிரவுண்டிலும் ஹூக்கப் கிடையாது. அதற்குப் பதிலாகப் பள்ளத்தாக்கில் அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில் ஒரு டம்ப் ஸ்டேஷன் ஆண்டு முழுவதும் இயங்குகிறது. வவோனாவிலும் டுவாலமி மெடோஸிலும் உள்ளவை கோடையில் மட்டும். யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க் ஒன்றில் மட்டுமே ஃபுல் ஹூக்கப் உண்டு. கரடிகள் நடமாடும் இடம் என்பதால் துணிக் கூடாரங்களுக்கு அங்கே அனுமதியில்லை. மற்றபடி மேடிசன், கிராண்ட் வில்லேஜ் போன்ற கேம்ப்கிரவுண்டுகளில் பொது டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது. கிராண்ட் கேன்யன் தென் விளிம்பில் டிரெய்லர் வில்லேஜில் ஃபுல் ஹூக்கப் உண்டு. மேதர் கேம்ப்கிரவுண்டில் ஹூக்கப் இல்லை. ஆர்ச்சஸ் பூங்காவின் டெவில்ஸ் கார்டனில் டம்ப் ஸ்டேஷனே இல்லை, மோவாப் ஊருக்குத்தான் வர வேண்டும். ஒவ்வொரு பூங்காவுக்கும் இப்படி ஒரு கதை இருக்கும், பூங்காவின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இரண்டே வரியில் எழுதியிருப்பார்கள். பூங்காவுக்குள் நுழையும்போது தொட்டிகள் காலியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். முந்தின இரவு வெளியே ஃபுல் ஹூக்கப், அப்புறம் உள்ளே இரண்டு இரவு.

அங்கே தங்காதவர்களும் காலி செய்ய அனுமதிக்கும் தனியார் பார்க்குகளும் மாநிலப் பூங்காக்களும் நிறைய உண்டு. போன் செய்து, "தங்கவில்லை, காலி செய்ய மட்டும் வரலாமா, எவ்வளவு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் 10 டாலரிலிருந்து 25 டாலருக்குள் சொல்வார்கள்.

வழியில் கிடைக்கும் இடங்கள்

நீண்ட தூர லாரிகள் நிற்கும் பெரிய ட்ரக் ஸ்டாப்புகளில், முக்கியமாக ஃபிளையிங் ஜே, லவ்ஸ் போன்றவற்றின் பல கிளைகளில் ஆர்விக்கென்று தனி வரிசையும் டம்ப் ஸ்டேஷனும் இருக்கும். உள்ளே கவுண்டரில் பணம் கட்டினால் மூடியைத் திறந்துகொள்ள வழி சொல்வார்கள். பெட்ரோல் போட எப்படியும் நிற்கிறோம், அதோடு இதையும் முடித்துவிடலாம். எல்லாக் கிளையிலும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அவர்களுடைய செயலியிலேயே எந்தக் கிளையில் உண்டு என்று பார்க்கலாம். மலை மாநிலங்களில் மேவரிக் பெட்ரோல் நிலையங்கள் சிலவற்றிலும் இந்த வசதி இருக்கிறது.

நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தி இளைப்பாறும் ரெஸ்ட் ஏரியாக்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்வி பதிவுக் கட்டணத்தோடு 3 டாலரை இதற்கென்றே வசூலிக்கிறார்கள். அங்கே பல ரெஸ்ட் ஏரியாக்களில் இலவசமாகக் காலி செய்யலாம். இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. எல்லோரும் ஆளுக்கு மூன்று டாலர் போட்டு, யாரும் ஆற்றோரத்தில் ஊற்றாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பல மாநிலங்களின் ரெஸ்ட் ஏரியாக்களில் இது அறவே இல்லை.

சாலையில் நீலப் பலகையில் வெள்ளையாக ஒரு வண்டியின் படமும் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறியும் கண்டால் அதுதான் அடையாளம்.

சின்ன ஊர்களை மறந்துவிடாதீர்கள். ஊராட்சிப் பூங்கா, பொருட்காட்சி மைதானம், ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்று எதிர்பாராத இடங்களில் டம்ப் ஸ்டேஷன் இருக்கும். பல இடங்களில் இலவசம், அல்லது ஓர் உண்டியல் வைத்திருப்பார்கள். ஆள் இல்லை என்று போடாமல் வராதீர்கள். வேட்டை, மீன்பிடிப் பொருள்கள் விற்கும் கபேலாஸ் கடைகள் சிலவற்றின் வாகன நிறுத்தத்திலும் இருக்கிறது. வால்மார்ட் கிளைகள் சில இரவு வண்டி நிறுத்த அனுமதிக்கும், ஆனால் கழிவுக்கு அங்கே இடம் கிடையாது. இதைப் புதியவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.

கனடாவுக்குள் போனால் சானி-டம்ப் என்று தேடுங்கள். அங்கே அதுதான் பெயர்.

தேட உதவும் செயலிகள் பல. சானிடம்ப்ஸ், ஆர்விடம்ப்ஸ் இரண்டும் இதற்காகவே உள்ள பட்டியல்கள். கேம்பெண்டியம், ஐஓவர்லேண்டர், ஆல்ஸ்டேஸ் ஆகியவற்றில் தங்குமிடங்களோடு இதுவும் இருக்கும். கூகுள் வரைபடத்திலும் தேடலாம். எதில் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது கடைசியாக ஒருவர் கருத்து எழுதிய தேதி. ஆறு மாதம் பழையது என்றால் போன் செய்யாமல் போகமாட்டேன். டம்ப் ஸ்டேஷன்கள் சத்தமில்லாமல் மூடப்படும். குழாய் அடைத்துக்கொண்டது, யாரோ அசுத்தம் செய்துவிட்டுப் போனார்கள், பராமரிக்கப் பணமில்லை என்று காரணங்கள். குளிர் மாநிலங்களில் தண்ணீர் உறையும் காலத்தில் பலவற்றை அடைத்துவிடுவார்கள். அக்டோபரில் போனால் இது முக்கியம். அடுத்துப் பார்ப்பது, நம் நீள வண்டி உள்ளே போய்த் திரும்பி வர இடமிருக்கிறதா என்பது. மேலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் வழக்கம் இது. ஒவ்வொரு இரண்டு நாளுக்கும் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்வோம், அதற்கு முன்னால் வழியில் இன்னொன்று. வழியில் முதலில் வருவது மூடியிருந்தால் அடுத்தது. சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து யெல்லோஸ்டோன் ஆயிரம் மைலுக்குச் சற்றுக் குறைவு. ஐ-80 சாலையில் ரீனோவைத் தாண்டினால் நெவாடாவின் வெட்டவெளிதான். வினமக்கா, எல்கோ என்று விரல்விட்டு எண்ணும்படிதான் ஊர்கள். அப்படிப்பட்ட நீட்டத்துக்கு முன்னால், தொட்டி பாதிதான் நிறைந்திருந்தாலும் காலி செய்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை எந்தக் கேம்ப்கிரவுண்டிலும் டம்ப் ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். வார இறுதிக்கு வந்தவர்கள் எல்லோரும் கிளம்பும் நேரம் அது, ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

அந்தப் பதினைந்து நிமிடம்

வண்டியின் கழிவு வாய் துளைக்குப் பக்கத்தில் வரும்படி நிறுத்துங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, வாயின் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றனவா என்று கைப்பிடியைத் தள்ளிப் பாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் முதல் பயணத்தில், எங்களுக்கு முன்னால் வண்டியை எடுத்தவர்கள் பிளாக் வால்வைச் சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். வண்டியை எடுக்கும்போது நாங்களும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து என் கணவர் குழாய் மாட்ட மூடியைத் திருகினார். வந்தது அவர் காலில் கொட்டியது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு வயதான அமெரிக்கப் பெண்மணி ஒன்றுமே சொல்லாமல் தன் வண்டியிலிருந்து ஒரு பாட்டில் பிளீச்சையும் இன்னொரு குழாயையும் எடுத்துவந்து, தளத்தைக் கழுவி முடிக்கும்வரை கூட நின்றார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றும் எங்கள் வண்டியில் பிளீச் இரண்டு பாட்டில் இருக்கும்.

வால்வு மூடியிருந்தால் மூடியைக் கழற்றி, குழாயின் ஒரு முனையை வண்டியில் பொருத்தித் திருகுங்கள். நன்றாகப் பிடித்து இறுகும் வரை திருக வேண்டும். மறுமுனை துளைக்குள். அந்த முனை நன்றாக உள்ளே இறங்கி இருக்கட்டும். மேலே ஒரு கனமான கல்லை வையுங்கள் அல்லது ஒருவர் காலால் மிதித்துக்கொள்ளட்டும். வேகமாகப் பாயும்போது குழாய் எகிறி வெளியே வந்துவிடும்.

முதலில் பிளாக் வால்வு. முழுவதும் ஓடி முடிந்ததும் வண்டியில் அலசும் வசதி இருந்தால் தொட்டியை அலசுங்கள். இல்லாவிட்டால் கழிவறை வழியாக இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி மறுபடி வடியவிடுங்கள். பிளாக் வால்வை மூடிவிட்டு கிரே வால்வைத் திறக்கவும். வரிசை இப்படி இருப்பதற்குக் காரணம், பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயின் உட்புறத்தைக் கழுவிக்கொண்டு போகும். அதையும் மூடி, குழாயை வண்டிப் பக்கம் முதலில் கழற்றி, தூக்கிப் பிடித்து மிச்சத்தைத் துளைக்குள் வடித்து, அங்குள்ள தண்ணீரால் அலசி, சுருட்டி வையுங்கள். பிளாக் டேங்க்குக்குள் ஒரு வாளித் தண்ணீரும் அதற்கான மருந்தும் போட்டுவிட்டால் அடுத்த சுற்றுக்குத் தயார். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்தை வாங்காதீர்கள். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும், சின்ன ஊர்களின் செப்டிக் தொட்டிகளுக்கு அது பெரிய தொல்லை.

டம்ப் ஸ்டேஷனில் துளைக்குப் பக்கத்திலுள்ள தண்ணீர்க் குழாய் அலசுவதற்கு மட்டும். குடிநீர்க் குழாய் தனியாகத் தள்ளி இருக்கும், பலகையில் எழுதியிருப்பார்கள். குடிநீர் பிடிக்க வேறொரு ஹோஸ் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் குடிநீர் ஹோஸைத் தொடுபவர், அன்று கழிவுக் குழாயைத் தொட்டவராக இருக்கக்கூடாது.

ஃபுல் ஹூக்கப்பில் நிற்கும்போது ஒரு ஆசை வரும்: குழாயை மாட்டி வால்வைத் திறந்தே விட்டுவிடலாமே, தானாக ஓடட்டுமே என்று. பிளாக் வால்வை மட்டும் அப்படி விடாதீர்கள். தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது அடியில் கூம்பாகக் குவிந்து இறுகும். அதை எடுக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு ஒரே மூச்சில் திறந்தால்தான் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். பாதி நிறைந்த தொட்டியைக் காலி செய்ய நேர்ந்தால் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டுத் திறங்கள். ஈரத் துடைப்பான், நாப்கின் எதையும் கழிவறைக்குள் போடக்கூடாது, உறையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

முதல் தடவை இதையெல்லாம் செய்யும்போது அப்பா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது தடவை கையுறையை அவரே வாங்கி மாட்டிக்கொண்டார். வேண்டாம்ப்பா என்று என் கணவர் தடுத்ததற்கு, "இருக்கட்டும் மாப்ள. அவங்கவங்க கழிவை அவங்கவங்களே அப்புறப்படுத்தணும்னு இருந்திருந்தா, நம்ம ஊர்ல எப்பவோ இதுக்கெல்லாம் மிஷின் வந்திருக்கும்" என்றார். கையால் மலம் அள்ளுவதை 1993லும் மறுபடி 2013லும் சட்டம் போட்டுத் தடை செய்த நாட்டிலிருந்து வந்தவர். அதற்குப் பிறகும் செப்டிக் தொட்டிக்குள் இறங்கியவர்கள் இறந்த செய்திகளை நாளிதழில் படித்துக்கொண்டே இருப்பவர். அந்தப் பயணம் முழுக்க வால்வைத் திறந்து மூடியது அவர்தான்.

இடமே கிடைக்காவிட்டால்

தொட்டி நிறைந்துவிட்டது, குறித்து வைத்த இரண்டும் மூடியிருக்கின்றன. முதலில் உள்ளே பயன்பாட்டை நிறுத்துங்கள். பெட்ரோல் நிலையக் கழிவறை, கடைக் கழிவறை என்று சமாளித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். நிறைந்த தொட்டி உடனே வெடித்துவிடாது. அதிகப்படி நூற்றுச் சொச்சம் கிலோ எடையைக் கூடுதலாகச் சுமக்கிறோம், அவ்வளவுதான். கழிவு எடுக்கும் லாரியைத் தொலைபேசியில் அழைத்தால் வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து உறிஞ்சி எடுத்துப்போகும் வசதி ஆர்வி அதிகம் வரும் ஊர்களில் உண்டு. அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பாலைவனத்தில் தங்குபவர்கள் பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். சக்கரம் வைத்த சின்னத் தொட்டி ஒன்றில் வடித்து, அதை மட்டும் டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போவதும் உண்டு. நீண்ட நாள் ஒரே இடத்தில் தங்குபவர்களுக்கு அது வசதி, ஒரு வாரப் பயணத்துக்கு வாங்க வேண்டியதில்லை.

சாலையோர மழைநீர்த் துளையில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான ஊர்களில் அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேராக ஓடைக்கோ ஏரிக்கோ போகிறது. கீழ்ப்பக்கத்தில் யாராவது பிள்ளையை அதில் குளிக்க விட்டிருப்பார்கள். காட்டுக் கேம்ப்கிரவுண்டுகளில் தண்ணீரில்லாத குழிக் கழிவறைகள் இருக்கும், அவற்றிலும் ஊற்றக்கூடாது. பிளாக் டேங்க்கை வெளியில் திறப்பது எங்கேயும் சட்டப்படி குற்றம். கிரே தண்ணீர்தானே, சோப்புத் தண்ணீர்தானே என்றும் திறக்காதீர்கள். தேசியப் பூங்காக்களில் அதற்கும் தடை உண்டு. மற்ற இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் விதி மாறும். அதோடு நம் கிரே தண்ணீரில் சாம்பார் வாசனை இருக்கும். யெல்லோஸ்டோன் பக்கம் கரடிக்கு அது விருந்துக்கு அழைப்பு.

சொந்த வீட்டுக்கு அருகில் வந்துவிட்டால், வீட்டுச் சாக்கடைக் குழாயைச் சுத்தம் செய்ய முற்றத்தில் இருக்கும் மூடியைத் திறந்து அதில் விடலாமா என்று தம்பி கேட்டான். சில நகரங்கள் அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. நகர அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யச் சொன்னேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளையும் திட்டத்தில் சேருங்கள். பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் தொட்டிகள் காலியாக வர வேண்டும் என்று கேட்கும், இல்லையென்றால் தனிக் கட்டணம் போடும். அந்தக் காலையில் சூட்கேஸ் கட்டிக்கொண்டு, குப்பை அள்ளிக்கொண்டு, டம்ப் ஸ்டேஷனையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. கடைசி இரவை ஃபுல் ஹூக்கப் உள்ள இடத்தில் போட்டுவிடு என்றேன். காலையில் நின்ற இடத்திலேயே காலி செய்து, அலசி, இரண்டு வால்வையும் மூடி, மூடியைத் திருகுவதற்கு முன்னால் கைப்பிடிகளை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்துவிட வேண்டும். மறுநாள் அதே வண்டியை வேறொரு குடும்பம் எடுக்கும்.